தாய்மாமனுக்கு வாங்கிய வண்டி

எங்கள் வீட்டு முன்னால் தகரம் வேய்ந்த ஒரு ஷெட் இருக்கிறது. ஒரு பெரிய காருக்காகக் கட்டியது. இப்போது அதில் தேங்காய் மட்டை அடுக்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. "மட்டை போடறதுக்கு இத்தன பெரிய ஷெட்டுங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கொழுப்பெடுத்துப் போயி கட்டினமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

கொழுப்பெடுத்துக் கட்டவில்லை. என் வீட்டுக்காரர் தாய்மாமனாக ஒரு கல்யாண மேடையில் போய் நிற்க வேண்டும் என்று கட்டினோம். அவ்வளவுதான் கதை.

கேரள எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. ஒரு மழைக்காலத்தில் வரப்போரம் டிராக்டர் சாய்ந்து அவர் அடியில் சிக்கினார். உயிர் தப்பியது பெரிது. முதுகெலும்பில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பெல்ட் போட்டுக்கொண்டு நிற்பார், வீட்டுக்குள் நடப்பார். ஆனால் குனிய முடியாது, உயரத்தில் ஏற முடியாது, உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டும். படுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு, கார் வாங்குகிற வரை, அவர் வாசல் கேட்டைத் தாண்டி வெளியே போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் ஆம்புலன்சில்.

அப்போதுதான் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே தங்கை. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. எங்களில் கல்யாணப் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். அவர் கட்டின பிறகுதான் மற்றதெல்லாம். அந்தப் பெண் பிறந்த அன்றே, "பட்டம் கட்டறதுக்கு நான் வந்துட்டன் பாரு" என்று அவளிடம் சொன்னவர் இவர். நான் ஆம்புலன்ஸ் பேசட்டுமா என்று கேட்டேன். மனுஷன் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

"ஆம்புலன்ஸ்ல போயி எறங்கி சீர் செய்யறதா? கல்யாண ஊட்டுக்குப் போறனா, எளவு ஊட்டுக்குப் போறனா?"

அதனால் கார் பார்க்கத் தொடங்கினோம். சாதாரணக் கார்களில் குனிந்து நுழைய வேண்டும். ஜீப்பில் கால் தூக்கி ஏற வேண்டும். இரண்டும் ஆகாது. காருமில்லாமல் ஜீப்புமில்லாமல் நடுவில் ஒரு ஜாதி இருக்கிறதே, குடும்பத்தோடு போகிற பெரிய வண்டி, சீட் இவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கும். அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துப் பின்சீட்டை மடக்கினால் நீளமாகப் படுக்கலாம். மலிவு வண்டிகளில் முதுகு தூக்கிப் போடும் என்று வேலந்தாவளத்து மெக்கானிக் சொன்னார். வெளிநாட்டுக் கம்பெனி வண்டிதான் பள்ளத்தில் அலுங்காமல் இறங்குமாம். புதுசு வாங்க நாங்கள் என்ன மில் முதலாளியா? மில் முதலாளி ஓட்டிச் சலித்ததை வாங்கலாம் என்று முடிவானது. தோப்பில் மேற்கு மூலையை விலைக்குக் கொடுத்தோம்.

கோயமுத்தூரில் பழைய பெரிய கார்கள் மட்டும் விற்கிற கடைக்கு நான்தான் போனேன். போவதற்கு முன் அவரைக் கட்டிலில் நேராகப் படுக்க வைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரு கயிற்றால் அளந்து வெட்டி எடுத்துக்கொண்டேன். நார்க் கயிறு. கடையில் கழுத்துப்பட்டை கட்டின ஒரு தம்பி, கண்ணாடிக் கூரையைத் திறந்து மூடிக் காட்டினான், பாட்டுப் பெட்டியைக் காட்டினான், சீட்டு குளிரும் என்றான், சூடாகும் என்றான். நான் பின்கதவைத் திறந்து கயிற்றைப் போட்டு அளந்தேன். நாலாவதாகப் பார்த்த வண்டியில் கயிறு சரியாக நீண்டு கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினேன்.

"மேடம், டெஸ்ட் டிரைவ் போகலாமா?"

"அது அப்பறமுங்க. மொதல்ல படுத்துப் பாத்துக்கறேன்."

கடையே திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். படுத்து அண்ணாந்தால் கண்ணாடிக் கூரை வழியாக மேலே டியூப்லைட் தெரிந்தது. ஜன்னல் ஓரத்தில் எந்தக் குழந்தையோ ஒட்டின முயல் ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து இருந்தது. அந்த வண்டியே போதும் என்றேன்.

இனிமேல்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே பண்ணுகிற பைத்தியக்காரத்தனம் வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் பாதிப் பேர் வண்டியைத் தமிழ்நாட்டுப் பக்கத்து ஒறம்பறை, அதாவது சொந்தக்காரர், பேரில்தான் வைத்திருப்பார்கள். கேரளாவுக்கு மாற்றினால் டாக்ஸ் தனியாக அடைக்க வேண்டும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் நம்பர். பாலக்காட்டு ஆபீசுக்குப் போனால் நாங்கள் பாண்டி. பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் போனால் மலையாளத்தார். கேரளா நம்பர் வண்டி மண்டப வாசலில் நின்றாலே, "மலையாளத்து ஒறம்பறை வந்தாச்சு, புட்டும் கடலையும் இருக்குதா?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். கேட்டு, தானே சிரித்தும் கொள்வார். என் வீட்டுக்காரருக்கு அது ஆயுசுக்கும் ஆறாத எரிச்சல்.

"மாப்ள பேர்ல எழுதிக்கலாம். தமிழ்நாட்டு நம்பராவே இருக்கட்டும்" என்றார். மாப்பிள்ளை என்றால் அவர் தங்கை புருஷன்.

"வேண்டாமுங்க. டாக்ஸ் அடைச்சு உங்க பேருக்கே மாத்திக்கலாம்" என்றேன்.

"ஏம்மிணி, தங்கச்சி ஊடு வேற, நம்ம ஊடு வேறயா?"

இந்தக் கேள்விக்கு ஒரு மருமகள் என்ன பதில் சொல்வாள்? சொன்னால் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள். மாப்பிள்ளை பேரிலேயே எழுதினோம்.

வண்டி வந்த பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. டிராக்டரே ஓட்டினவளுக்கு அந்த கியர் இல்லாத வண்டி ஒரு விஷயமே இல்லை. பின்னால் அவரைப் படுக்க வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, தோப்பு ரோட்டில் மெதுவாக ஓட்டுவேன். அவர் கண்ணாடிக் கூரை வழியாகத் தென்னை மண்டைகளைப் பார்த்துக்கொண்டே வருவார். "அந்த மரத்துக்கு வண்டு அடிச்சிருக்குது பாரு. மருந்து வெச்சீங்களா இல்லையா?" என்று அங்கிருந்தே கத்துவார். அந்தக் கத்தலைக் கேட்கவே இன்னொரு சுற்றுப் போவேன். பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் நெற்றியில் ரிப்பனைக் கட்டிப் பழகுவார். நின்றபடி கை தூக்கிப் பின்னால் முடிச்சுப் போடப் பழகினார். "கோணலாப் போச்சு" என்று அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

கல்யாணம் நெருங்கியபோது தங்கை புருஷன் வந்தார். "வண்டியக் கொண்டு போயி நல்லா வாஷ் பண்ணி, சர்வீஸ் உட்டு, முந்தின நாளே அனுப்பி வெக்கறேன். மச்சான் ராஜா மாதிரி வந்து எறங்கோணும்" என்றார். சாவியைக் கொடுத்தோம். கொடுக்காமல் எப்படி இருப்பது?

முந்தின நாள் வண்டி வரவில்லை. பொழுதோட நான் போன் செய்தபோது நாத்தனார் எடுத்தாள்.

"நங்கையா, கோவிச்சுக்காதீங்க. வாசல்ல நின்ன வண்டிய சம்பந்தி ஊட்டுக்காரங்க பாத்துட்டாங்க. பொண்ணு மாப்பிள்ளை இதுலயே ஊர்வலம் போவட்டும்னு பூவெல்லாம் வெக்கச் சொல்லிட்டாங்க. காத்தால வேற டாக்ஸி அனுப்பறமுங்க."

"அண்ணங்கிட்டக் குடு" என்றேன். தங்கை புருஷன் போனுக்கு வந்தார்.

"ஏனுங்கண்ணா, அது ஆருக்கு வாங்கின வண்டிங்க?"

"தெரியும் அம்மிணி. ஆனா அவுங்க எம்பட வண்டின்னு நெனச்சுட்டாங்க. இப்பப் போயி இல்லீன்னா எம்பட மானம் என்னாவறது? அதுவுமில்லாம, ஆர்சி எம்பேர்லதான இருக்குது. நாம் பொய்யொண்ணும் சொல்லலியே."

எனக்கு வந்த வாய்க்கு அன்றைக்கு அந்தக் கல்யாணமே நின்றிருக்கும். என் வீட்டுக்காரர் படுத்தபடியே கையை நீட்டிப் போனை வாங்கினார். "உடு மாப்ள. டாக்ஸி அனுப்பு, வந்தர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னிடம், "பொழுதுக்கும் அழுதுட்டு இருக்காத, சட்டையத் தேய்ச்சு வை" என்றார்.

காலையில் டாக்ஸி வந்தது. நான் பயந்த மாதிரியே தாழ்வான கார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, உள்ளே பெல்ட். நானும் டிரைவரும் தாங்கிப் பிடித்து எப்படியோ அவரை முன்சீட்டில் நுழைத்தோம். நுழையும்போது அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. சீர்த்தட்டுகள் என் பக்கத்தில், பட்டம் ஒரு சின்ன டப்பாவில் என் மடியில். டிரைவர் பாவம், எறும்பு ஊர்கிற மாதிரிதான் ஓட்டினார். கொழிஞ்சாம்பாறை போவதற்குள் ரோட்டில் எத்தனை ஹம்ப்! ஒவ்வொன்றுக்கும் அவர் தோளிலிருந்த துண்டைக் கடித்துக்கொண்டார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. ஒரு ஹம்பில் வண்டி இறங்கியபோது துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அம்மிணி, திருப்பச் சொல்லு."

"இன்னுங் கொஞ்சந் தூரமுங்க."

"திருப்பச் சொல்லு. என்னால ஆவல."

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் போட்டோம். நான் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சீர் நின்றுவிடக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் தட்டுகளையும் பட்டத்தையும் அந்த டாக்ஸி டிரைவர் கையில் கொடுத்தனுப்பினோம். தாய்மாமன் சீரை ஊர் பேர் தெரியாத ஒரு டிரைவர் கொண்டுபோய் மேடையில் வைத்த கல்யாணம், எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மத்தியானம் வாட்ஸப்பில் வீடியோ வந்தது. இவருடைய சித்தப்பா மகன் மேடையில் நின்று பட்டம் கட்டினான். அவனும் மாமன் முறைதான், குறை சொல்ல முடியாது. வீடியோவின் பின்பாதியில் வண்டி வந்தது, மூஞ்சி முழுக்க ரோஜாப்பூ. இவர் போனை நெஞ்சில் நிறுத்தி வைத்துக்கொண்டு முதல் பாதியை மட்டும் மறுபடி மறுபடி பார்த்தார்.

"கோணலாக் கட்டீட்டான்" என்றார்.

வண்டி திரும்பி வரவில்லை. கேட்டால், புள்ளை போன வீட்டில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். பிறகு பொண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வரும்போது கொண்டுவருவார்கள் என்றார்கள்.

விருந்துக்கு வந்தார்கள். எங்கள் ஷெட்டில்தான் வண்டியை நிறுத்தினார் அந்த மாப்பிள்ளைப் பையன். நல்ல பையன், மரியாதையாகப் பேசுவார், அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"எங்க மாமனாரு வண்டி எப்படிங்க? இதுல போயிருக்கீங்களா? எனக்கே குடுத்துட்டாருங்க. வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். இந்த வண்டி வந்த புதிதில் இதே வாசலில் நின்று, "மாமா இதுலதான் வருவாரா?" என்று கேட்டவள் அவள். இப்போது தலையைக் குனிந்து தாலிக்கயிற்று மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சொன்ன பொய் இனி அவள் குடும்பம் நடத்துகிற வீட்டில் இருக்கிறது. நான் வாய் திறந்தால் அடி விழுவது அவளுக்குத்தான். என் வீட்டுக்காரரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க தம்பி" என்றார். "எனக்குக் காருல போயிப் பழக்கமில்லீங்க."

கிளம்பும்போது தேங்காயும் ஒரு வாழைத்தாரும் ஏற்றுவதற்காக அந்தப் பையன் பின்கதவைத் திறந்தார். ஓரத்தில் சுருண்டு கிடந்த நார்க் கயிற்றை எடுத்துப் பார்த்தார். எத்தனை வாஷ், எத்தனை சர்வீஸ், அது மட்டும் அங்கேயே கிடந்திருக்கிறது.

"இதென்னங்க கயிறு? மாட்டுக் கயிறுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் நாற்காலியிலிருந்து அவருடைய குரல் வந்தது. "ஆமாங்க தம்பி, மாட்டுக் கயிறுதான். கழிச்சுப் போட்டுருங்க."

அந்தப் பையன் கயிற்றைத் தூக்கித் தோப்புப் பக்கம் வீசினார். வண்டி கேட்டைத் தாண்டிப் போனது. நான் தோப்புக்குள் போய் அதைத் தேடி எடுத்து வந்தேன். அவர் பார்த்தார். கட்டிலுக்குப் போக வேண்டும் என்று கையை நீட்டினார், பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.