குடோன் கணக்கில் ஒரு நூலகம்

யூனுஸ் ஆள்காட்டி விரலைப் புத்தகங்களின் தலைமேல் வைத்து, அலமாரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக்கொண்டு போனார். பிறகு விரலைத் திருப்பி என் மூக்குக்கு நேராக நீட்டினார். நுனியில் சாம்பல் நிறத்தில் தூசி திரண்டிருந்தது.

"பாருங்கக்கா. இது போகல."

போகல என்றால் யாரும் எடுத்துப் படிக்கவில்லை என்று பொருள். அந்த அலமாரி முழுக்க எங்கள் வாசகர் வட்டம் எழுதிக் கொடுத்து, நூலகத்துக்கு வரவழைத்த புத்தகங்கள். வட்டத்தின் தலைவி நான். தத்துவம், பொருளாதார வரலாறு, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் மொழிபெயர்ப்புகள் என்று நானே உட்கார்ந்து பொறுக்கினேன். ஊரின் அறிவை உயர்த்துவதாக ஏற்பாடு.

"நீங்க இதுல ஏதாச்சும் எடுத்தீங்களாக்கா?"

வீட்டு வேலை, நேரம், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஏதேதோ சொன்னேன். என் கையில் அப்போது ஊறுகாய் வகைகள் என்ற புத்தகம் இருந்தது.

"அப்ப யாருக்குக்கா ஆர்டர் போட்டீங்க?"

அதில் கேலி இல்லை. ஷார்ஜாவில் மளிகை மொத்த வியாபாரக் குடோனில் பத்தொன்பது வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். சரக்கு நின்றுபோனால் ஏன் என்று கேட்பது அவருக்குத் தொழில். வயதில் என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் அக்கா என்கிறார். நானும் திருத்தவில்லை, தலைவி பதவிக்கு அது பொருத்தமாக இருந்தது.

வளைகுடாவில் வேலைகள் சுருங்கிய வருடம் அந்தக் குடோனும் சுருங்கியது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தார். வந்தவர் சும்மா இருக்க முடியாமல் வீட்டுச் சமையலறையை அடுக்கினார். அவர் மனைவி ஹபீபுன்னிசா என் வீட்டுக்கு வந்து முறையிட்டார்.

"கடுகைக் காணோங்க. கேட்டா, பாஸ்ட் மூவிங், அடிக்கடி எடுக்கறதெல்லாம் கண்ணு மட்டத்துல இருக்குங்கறாங்க. இவங்க கண்ணு மட்டம் எனக்குத் தலைக்கு மேல."

ஒரு சமையலறையைக் காப்பாற்றத்தான் யூனுஸை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊருக்கு டிஜிட்டல் யுகம் வந்த வழி இதுதான். கூட்டத்தில் பேசும்போது வேறு மாதிரி சொல்வேன்.

கம்ப்யூட்டர் அதற்கு முன்பே வந்திருந்தது. நூலகர் துரைராசு பதினோரு மணிக்கு அதைப் போடுவார். மானிட்டரின் முதுகு சூடேறியதும் தன் சாப்பாட்டு டப்பாவை அதன் மேல் வைப்பார். ஒரு மணிக்கு டப்பாவை எடுத்துவிட்டு அணைத்துவிடுவார். இருக்கிற புத்தகங்களையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதை நினைத்தாலே துரைராசுவுக்குத் தோள்பட்டை வலிக்கும். யூனுஸ் வந்து உட்கார்ந்ததும் அவர் டப்பாவை ஜன்னலில், வெயில் படும் இடத்துக்கு மாற்றிக்கொண்டார். யூனுஸுக்குச் சம்பளம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும், வந்தால் தருவதாகவும் சொன்னார்.

ஆரம்பத்தில் கூத்துதான். ஐந்து பாகம் உள்ள நாவலை யூனுஸ் ஒரே சரக்காக ஏற்றிவிட்டார். முதல் பாகம் கேட்டுப் போன நான், ஐந்தையும் சுமந்துகொண்டு முருங்கைக்காய்க் கட்டோடு டவுன் பஸ்ஸில் வந்தேன்.

"செட்டை உடைச்சா மிச்சத்தை யாருக்கா எடுப்பா?" என்றார். மறுநாள் தானே தலையில் அடித்துக்கொண்டு, "படிக்கத் தெரியாதவன்கிட்ட புத்தகத்தைக் குடுத்தா இப்படித்தான்" என்று சிரித்தபடி ஐந்து வரியாக மாற்றினார்.

பிறகு அலமாரிகளை நகர்த்தினார். காய்கறிப் பையோடு அவசரமாக வரும் பெண்களுக்காக நாவல்களும் சமையலும் வாசலருகே வந்தன. அரசுத் தேர்வு வழிகாட்டிகள் வெளிச்சம் விழும் ஜன்னலோரம் போயின. பக்தி நூல்கள் எல்லா மதத்துக்கும் சேர்த்து ஒரே தட்டில். "எல்லாம் மெதுவாத்தான் போகும், ஆனா நிக்காது." என் தத்துவங்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில்.

வகை எண் வரிசை குலைகிறதே என்று துரைராசு நடுங்கினார். யூனுஸ் எண்களைத் தொடவே இல்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அலமாரி, தட்டு, இடம் என்று ஒன்றைக் கம்ப்யூட்டரில் சேர்த்தார். "அந்த நம்பர் அதோட பேரு. இது விலாசம்."

இந்த நேரத்தில் பழைய முதலாளி ஷார்ஜாவுக்குப் பக்கத்து அஜ்மானில் சின்னதாக ஒரு கடை போட்டு, யூனுஸுக்கு விசாவும் டிக்கெட்டும் அனுப்பிவிட்டார். பதினான்காம் தேதி விமானம். "இங்க ஒரு சம்பளம்னு ஆயிட்டா நான் ஏங்க்கா போறேன்?" என்றார். நூலகத் துறை அதிகாரி பார்வையிட வருவதற்குச் சில நாள் முன்பு அது. ஹபீபுன்னிசாவைக் கேட்டேன். போகட்டும் என்றுதான் தானும் சொல்வதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கடுகை எடுத்தார். டப்பாவைக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளாமல், அவர் வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

அதிகாரி அம்மா வந்தார். தென்னை நோய்கள் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். யூனுஸ் தட்டிப் பார்த்து, "சி ஒண்ணு, நாலாவது தட்டு" என்றார், இருந்தது. எண் வரிசை மாறியதற்கு அதிகாரி முகம் சுளித்தார், வாசலருகே நின்ற பெண்கள் கூட்டத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். யூனுஸுக்காகப் பேச நான் இரண்டு பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். வாசிப்பின் மேன்மையில் தொடங்கி இரண்டாம் பக்கத்தில் அவர் பெயர் வரும். முதல் பக்கத்திலேயே அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இவர் நூலகப் படிப்பு படித்தவரா என்றார்.

"பத்தாவது பாஸுங்க மேடம்," என்றார் யூனுஸ். "அதுவும் ரெண்டாவது லோடுலதான் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். வேலை சுத்தமாக இருப்பதாகவும், சான்றிதழ் இல்லாதவருக்குச் சம்பளம் போட வழியில்லை என்றும், அடுத்த மாதம் படித்த ஒருவரை அனுப்புவதாகவும் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் தேதி காலை யூனுஸ் உறுப்பினர் அட்டை கேட்டு வந்தார். இத்தனை நாள் ஒரு புத்தகம்கூட அவர் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. வேலை பார்க்கிற இடத்துச் சரக்கில் கைவைக்கக் கூடாது, இப்போதுதான் வேலை இல்லையே என்றார். அட்டை வாங்கி, ஒரு புத்தகத்தையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். துரைராசு தேதி முத்திரையைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"பாய், பதினஞ்சு நாள் தவணை. திருப்பித் தர வேண்டியது இருபத்தேழாம் தேதி. நீங்கதான் நாளன்னிக்கே..."

யூனுஸ் முத்திரையை அவர் கையிலிருந்து வாங்கினார். சக்கரத்தை இருபத்தேழுக்குத் திருப்பி, "அன்னிக்கு நானே கொண்டாந்து குடுப்பேன்" என்று கடைசிப் பக்கத்துச் சீட்டில் அழுத்தினார். மை காயும்வரை ஊதிவிட்டுப் புத்தகத்தை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.