மாமன் வீடான மாதர் சங்கம்

மண்டபத்து வாயிலில், உச்சி வெயிலில், பட்டுடுத்திய பெண்கள் சிலர் சீர்த்தட்டுகளை ஏந்தி நின்றுகொண்டிருக்கிறார்கள். உள்ளே ஒலிபெருக்கியில் நாகசுர இசை முழங்குகிறது. எதிர்கொண்டு அழைக்க எவரும் வரவில்லை. எங்கள் மாதர் சங்கத் தலைவியாரை எண்ணும்போதெல்லாம் என் கண்முன் முதலில் எழுவது இக்காட்சியே. நெற்றியில் வழிந்த வியர்வை அவருடைய குங்குமத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த மாலை வாடத் தொடங்கியிருந்தது. ஆயினும் அவர் வாயிற்படியைத் தாண்டி ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. அருகே குடைபிடித்து நின்ற நான், உள்ளே செல்லலாமே என்று மெல்லச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பியும் பாராமல் சொன்னார்: "சாவு வீட்டுக்குன்னா நாமளா போவோம் சார். இது சீரு. அவங்க வந்து அழைச்சாத்தான் நாம மாமன் வீடு. தானா உள்ள போனா வெறும் சமையல்காரங்க."

அவர் சொன்னதன் பொருள் விளங்க வேண்டுமாயின் அச்சங்கத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். திகாம் பத்து என்ற ஊருக்கு உள்ளே தள்ளி அமைந்திருந்த தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய பெண்கள் தொடங்கியது அது. தோட்டம் முதலில் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியது. பின்னர் விற்பனைக்குப் போயிற்று. குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி நகரின் பாக்கார் ஆராங் பகுதியில் வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நானும் அவ்வாறே வந்தவன். கோயில் இடம் மாறியது, பள்ளி இடம் மாறியது, கடைக்காரரும் இடம் மாறினார்; சங்கம் கலைந்துவிடும் என்றே எல்லாரும் எண்ணினோம். தலைவியார் தம் வீட்டு வண்டி நிறுத்துமிடத்தில் நான்கு நாற்காலிகளைப் போட்டு அதை மீண்டும் கூட்டினார். என்னைக் காப்பாளர் ஆக்கினார்கள். காப்பாளன் என்ற முறையில் நான் செய்த முதல் முயற்சி, சங்கத்தின் பெயரை 'மகளிர் மன்றம்' என்று திருத்துவது. "மன்றம்னா ஆம்பளைங்க கேரம் ஆடுற எடம் சார்," என்றார் தலைவியார். அத்துடன் அம்முயற்சி முடிந்தது.

தையல் வகுப்பு, கோயில் துப்புரவு, மருத்துவமனைக்குத் துணையின்றிச் செல்லும் முதியோருக்கு வண்டி ஏற்பாடு எனப் பல பணிகளை அவர்கள் செய்தார்கள். ஆனால், அவர்களுடைய உயிரான பணி ஒன்றே. இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது எம்மவர் வழக்கம். தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் அடுத்த வீட்டார் சோறு கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நகரத்து வரிசை வீடுகளிலோ அடுத்த வீட்டில் இருப்பவர் யாரென்பதே பலருக்குத் தெரியாது. பிணத்தை எடுத்துவிட்டு வந்து, கண்ணீர் காயாமல், கடையில் கட்டி வாங்கிய மீகோரிங் நூடுல்ஸைப் பிரித்து உண்ட ஒரு குடும்பத்தைத் தலைவியார் ஒருமுறை பார்த்துவிட்டார். அதன் பிறகு பாக்கார் ஆராங்கில் எந்த வீட்டில் சாவு நேர்ந்தாலும் சங்கத்துப் பெண்கள் அழையாமலே சென்று நிற்பார்கள். வீட்டுக்கு வெளியே கூடாரத்தின் ஓரம் எரிவாயு அடுப்பை வைத்து, சோறும் பருப்பும் ஒரு கறியும் ஆக்கிப் போடுவார்கள். கடலோரத்துத் தஞ்சோங் டாவாய்க்குச் சென்று நெத்திலிக் கருவாட்டை மொத்தமாக வாங்கிவந்து பொட்டலம் கட்டி விற்று அதற்கான செலவை ஈட்டினார்கள். எங்கள் பகுதியில் யார் வீட்டிலாவது கருவாட்டுக் குழம்பு மணந்தால், எங்கோ ஒரு துயர வீட்டிற்கு ஒரு பிடி அரிசி போகிறதென்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அத்தகைய ஒரு வீட்டில்தான், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் இளம் உறுப்பினர் அழுதார். எல்லாரும் அவரைத் தங்கச்சி என்றே அழைப்பர். வேறு மாநிலத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ அறியாதவர். சரக்குந்து ஓட்டும் ஒருவரை மணந்து எங்கள் ஊருக்கு வந்தவர்.

"ஏம்மா தங்கச்சி, வெங்காயத்துக்கு அழுவாங்க, சரி. கத்திரிக்காய்க்கு யாராச்சும் அழுவாங்களா?" என்று கேட்டார் தலைவியார்.

தங்கச்சியின் மகள் பூப்பெய்தியிருந்தாள். மண்டபம் எடுத்து நன்னீராட்டு விழா நடத்த வேண்டும் என்பது தாயின் ஆசை. கணவரின் மூத்த சகோதரி அதற்கு இசையவில்லை. தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவர் அவர். அவர் சொல்லை அவ்வீட்டில் யாரும் தாண்டுவதில்லை. "தாய்மாமன் இல்லாத புள்ளைக்கு டேவான், மண்டபம்லாம் என்னாத்துக்கு? வீட்டுக்குள்ளயே தண்ணிய ஊத்தி முடிச்சிரு. மாமன் எங்கன்னு நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?" என்று கேட்டுவிட்டாராம்.

"இவ்ளோதானா? என் தம்பி சும்மாத்தான்லா இருக்கான். வேட்டி கட்டி அனுப்பி வைக்கிறேன்," என்றார் பொருளாளர் அம்மையார்.

தங்கச்சி தலையசைத்து மறுத்தார். "வேணாங்க்கா. அன்னிக்கி வந்து மாலய போட்டுட்டுப் போயிருவாரு. நாளைக்கு இவ கல்யாணத்துக்கு யாரு வருவா? இவளுக்குப் புள்ள பொறந்தா யாரு வருவா? நான் செத்தா எனக்குக் கோடி போட யாரு வருவா? ஒருநா மாமன் எனக்கு வேணாம்."

பிறந்த வீடு என்ற சொல்லை நான் ஆயிரம் முறை பாடம் நடத்தியிருப்பேன். அச்சொல்லின் முழு எடையை அன்று கேட்டேன். தங்கச்சி வேண்டியது விழா மேடையில் நிற்க ஓர் ஆண்மகனை அன்று. தான் சாய்ந்தால் தாங்குவதற்கென்று என்றும் இருக்கும் ஒரு வீட்டை. ஒரு பெண்ணின் பின்னால் அவள் பிறந்த வீடு நிற்கிறது என்பதை ஊர் கண்ணால் காணும் முதல் நாள் அவள் மகளின் பூப்பு விழா. அன்று அந்த இடம் வெறுமையாக இருந்தால் அவ்வெறுமை அவளுடைய வாழ்நாள் முழுதும் பேசப்படும்.

தலைவியார் கத்தியைக் கீழே வைத்தார். "சங்கம் வந்தா ஒத்துக்குவியா?"

"சங்கமா?"

"ஆமா. மாமன்னா ஒருநா செத்துப் போயிருவான். சங்கத்துல ஒருத்தி போனா இன்னொருத்தி இருப்பா. உன் மவ கல்யாணத்துக்கும் வருவோம், பேரன் பேத்திக்கும் வருவோம்."

"அது சரி தலைவி, மீசைக்கு எங்க போறது?" என்றார் பொருளாளர்.

"வீட்டுல கண்ணு மை இருக்குல்ல? வரைஞ்சிக்கிட்டு வா."

சாவு வீடென்பதை மறந்து சிரித்துவிட்டு, அனைவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சரக்குந்து ஓட்டுநர் மனைவியின் பக்கம் நின்று மண்டபத்தைப் பதிவு செய்தார். அவருடைய தமக்கையார் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பேசுவதையே நிறுத்திக்கொண்டார். விழா நாளன்று சங்கத்தார் சீர்த்தட்டுகளோடு வந்து வாயிலில் நின்றபோது நேர்ந்ததைத்தான் தொடக்கத்தில் கூறினேன். மாமன் வீட்டாரைத் தந்தை வீட்டுப் பெண்டிர் சந்தனம் தந்து அழைக்க வேண்டும். சந்தனக் கிண்ணமோ அந்தத் தமக்கையாரின் கையில் இருந்தது. அவர் உள்ளே நாற்காலியில் அமர்ந்திருந்தார். தாய்மாமன் வீட்டார் முன்னே வருமாறு ஒலிபெருக்கியில் ஒருமுறை அழைத்தார்கள், பின்னர் இன்னொருமுறை. விருந்தினர் கழுத்தைத் திருப்பி வாயிலைப் பார்த்தனர். மேடையில் மகளருகே நின்ற தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுதியில் அத்தமக்கையார் எழுந்து வந்தார். கையில் கிண்ணம் இருந்தது. அழைக்கும் முகம் இல்லை.

"மாமன் எங்க?"

"நாங்கதாம்மா மாமன்," என்றார் தலைவியார்.

எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. தமக்கையார் முதல் தட்டின் அருகே வந்தார். புடவையின் முந்தியை விரலால் நிமிண்டிப் பார்த்தார். வளையலைப் பார்த்தார், பழங்களைப் பார்த்தார், அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். கடைசித் தட்டை அடைந்ததும் நிமிர்ந்து, மண்டபம் முழுதும் கேட்கும் குரலில் வெடித்தார்.

"உளுந்து எங்க? நல்லெண்ண எங்க? பெரியமனுசி ஆன புள்ளைக்கு எண்ணெயும் உளுந்தும் இல்லாம எந்த ஊர்ல சீரு கொண்டாருவாங்க? மாமன் வீட்டுச் சீரா இது?"

எல்லாம் கெட்டது என்றே எண்ணினேன். ஆனால், தலைவியாரின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். அவர் சங்கத்துப் பெண்களின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? கொற சொல்லிட்டாங்க! சம்பந்தி கொற சொல்லிட்டாங்க!"

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிரிக்கத் தொடங்கினர். எம்மவரிடையே, வருகின்ற அன்பளிப்பில் யாரும் குறை காண்பதில்லை. வாங்கிக்கொண்டு நன்றி சொல்வதே முறை. குறை காண்பது சீரில் மட்டுமே. குறை சொல்லும் உரிமை சம்பந்தி வீட்டாருக்கு மட்டுமே உண்டு. சண்டையிட வந்த அந்த அம்மையார், தாமறியாமலே சங்கத்தைச் சம்பந்தி ஆக்கிவிட்டார். அதை அவரும் உணர்ந்துகொண்டதை அவருடைய உதடு காட்டிக்கொடுத்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சிரிச்சது போதும். மொதல்ல எண்ணெய் வரட்டும்," என்றார்.

பொருளாளர் பட்டுப்புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, யாருடையதோ மோட்டார் சைக்கிளில் கடைக்குப் பறந்தார். எண்ணெயும் உளுந்தும் வந்து தட்டில் ஏறிய பின்னரே சந்தனக் கிண்ணம் நீண்டது. தலைவியார் தங்கச்சியின் மகளுக்கு மாலை அணிவித்துச் சீர்ப்புடவையைக் கையில் கொடுத்தார். தங்கச்சி அவருடைய காலைத் தொட்டு எழுந்து, "வாங்கண்ணே," என்றார். மண்டபமே அதிர்ந்து சிரித்தது. ஆனால், தங்கச்சி விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. அன்று முதல் தலைவியாரை அவர் அண்ணே என்றே அழைத்துவந்தார். சந்தையில், கோயிலில், தொலைபேசியில் எங்கும் அப்படித்தான். புதியவர்கள் திகைத்துப் பார்ப்பார்கள். தலைவியாரோ வேறெந்தப் பட்டத்திற்கும் காட்டாத பெருமிதத்துடன், "என்னாம்மா?" என்பார்.

சொன்ன சொல்லைச் சங்கம் காத்தது. சில ஆண்டுகள் கழித்துத் தங்கச்சி மகளின் திருமணத்திற்கும், அவளுக்கு மகன் பிறந்தபோது தொட்டிலிடவும் சங்கம் சென்றது. ஒவ்வொரு முறையும் அவளுடைய அத்தையான அந்தத் தமக்கையார் ஏதேனும் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்.

அண்மையில் தலைவியார் மறைந்தார். ஒரு காலைப்பொழுது, தேநீர் அருந்தி முடிக்கும் முன் உயிர் பிரிந்துவிட்டது. செய்தி கேட்டு நான் சென்றபோது அவர் வீட்டு வாயிலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து, "அண்ணே, என்ன விட்டுட்டுப் போனியே அண்ணே," என்று தங்கச்சி கதறுவது தெருமுனை வரை கேட்டது. வழிதெரியாமல் வந்த ஒருவர், இறந்தவர் ஆணா பெண்ணா என்று என்னிடம் கேட்டார்.

சங்கத்துப் பெண்கள் வழக்கம்போல் அடுப்பையும் அண்டாவையும் இறக்கினார்கள். அழுதுகொண்டே ஒருவர் அரிசி களையத் தொடங்கினார். அப்போது அந்த அத்தையார் வந்தார். நடை தளர்ந்திருந்தது, குரல் தளரவில்லை. பின்னால் அவருடைய தம்பியும், தங்கச்சியின் மகளும், அவள் கணவரும் காய்கறிக் கூடைகளைச் சுமந்து வந்தார்கள்.

"அரிசிய கீழ வைங்க. ஒங்களுக்கு அறிவு இருக்கா? செத்தது ஒங்க வீட்டு ஆளு. எழவு வீட்டுக்காரங்க அடுப்பு மூட்டலாமா? சோறு ஆக்குறது சம்பந்தி மொற. தள்ளுங்க."

பொருளாளர் கழுநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். பெண்கள் ஒவ்வொருவராகக் கூடாரத்தினுள் வந்து பாயில் அமர்ந்தார்கள். எத்தனையோ சாவு வீடுகளில் நறுக்கியும் கிளறியும் பரிமாறியும் ஓயாதிருந்த கைகள், செய்வதற்கு ஒன்றுமின்றி மடியில் கிடந்தன. சிறிது நேரம் அவர்கள் அக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் குரலெடுத்து அழுதார்கள்.