வார்னிஷ் அடித்த மிளகாய்

சிமாயோ என்ற மலையூரில் மிளகாய்ச் சரம் கட்டுவதில் ஹெனோவேவாவை மிஞ்ச ஆளில்லை. பறித்த பழத்தை மூன்று நாள் நிழலில் வாடவிட்டு, மும்மூன்றாகக் காம்பில் நூல் சுற்றி, தொங்கும் கயிற்றில் சடைபோலப் பின்னிவிடுவாள். ஆள் உயரச் சரம் ஓர் ஆளுக்கு ஒரு வருஷம் வரும் என்பது ஊர்க் கணக்கு. இவள் ஐந்தடிகூட இல்லை. சரம் மட்டும் புருஷன் உயரத்துக்குத் தொங்கும்.

இந்த வருஷம் நாலு சரமும் மகள் கல்யாண விருந்துக்கென்றே கட்டியவை. சனிக்கிழமை கல்யாணம். வியாழன் மதியம், அரைப்பதற்கு இறக்கப் போனவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சரங்கள் கண்ணாடிபோல மினுங்கின.

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"கல்யாண வீடாச்சே, பளபளன்னு இருக்கட்டுமேன்னு வார்னிஷ் அடிச்சேன்," என்றார் புருஷன் தெல்பீனோ பெருமையாக. "டவுன் கடையில அப்படித்தானே தொங்குது?"

"அது வெளியூர்க்காரன் சுவத்துல மாட்டுறதுக்குய்யா! இருநூறு பேரு வார்னிஷ் ஊத்துன பன்னிக்கறியா திம்பாங்க?"

மிளகாய்க்காரி வீட்டுக் கல்யாணத்தில் பாக்கெட் தூளா? அதற்குக் கல்யாணத்தையே தள்ளிப்போடலாம். ஊரில் மிச்சமிருந்த நல்ல சரங்கள் எதிர்வீட்டு யூஃபேலியாவினுடையவை. அவளோ, "உன் மிளகாய்ல நிறம் இருக்கு, காரம் எங்கடி?" என்று கோயில் விருந்தில் நாலு பேர் முன்னால் கேட்டவள். அதிலிருந்து ஒன்பது வருஷமாகப் பேச்சே கிடையாது.

ஹெனோவேவா மானத்தை விழுங்கிக்கொண்டு கதவைத் தட்டினாள். "அக்கா... மிளகாய் வேணும்."

விஷயத்தைக் கேட்ட யூஃபேலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஏணியைப் போட்டு அத்தனை சரத்தையும் இறக்கினாள். அறுவடை முடிந்த அக்டோபரில் சரம் தொங்காத மொட்டைச் சுவர் என்றால் அந்த ஊரில் அவமானம்.

"ஒண்ணு வச்சுக்கக்கா."

"ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு? தூக்கிட்டுப் போடி, பொண்ணு கல்யாணம்."

விருந்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணில் நீர் வழிய எழுந்தார். "சம்பந்தியம்மா! உங்க மிளகாய்க்கு ஒரு கும்பிடு! இப்படி ஒரு காரத்த ஆயுசுல பாத்ததில்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். மூலை மேசையில் யூஃபேலியா ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் பெயர் ஹெனோவேவாவுக்குத்தான். ஆனால் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"மிளகாய் என்னுது இல்லீங்க. அந்தா இருக்காங்களே, யூஃபேலியா அக்கா, அவங்களோடது. தன் வீட்டுச் சுவத்த மொட்டையாக்கிட்டுக் குடுத்தாங்க."

மூலையிலிருந்து குரல் வந்தது. "மிளகாய்தான் என்னுது! குழம்பு வச்சது அவ! நான் வச்சா இந்த ருசி வராது!"

"வரும்க்கா!"

"வராதுடி!"

ஒன்பது வருஷம் பேசாதவர்கள் அன்று பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை.