துணி கட்டிய வரிசை

செல்லக்கிளி அக்காவுக்கு ஜாக்கெட் போடுவதே தண்டனையாகிவிட்டது. சேவுகம்பட்டியில் அரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறவர். எட்டு மாதத்துக்கு முன் இடது விலாவில் அக்கி வந்தது. மண்பானை செய்யும் வேளார் வீட்டில் மூன்று நாள் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளம் காய்ந்தது, வலி போகவில்லை. துணி உரசினாலே எரிகிறது என்பார். அக்கி எழுதியதை நான் குறை சொல்லவில்லை, என் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார்கள். எழுதின கையோடு டாக்டரையும் பார்த்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? இந்த வலிக்கென்றே மாத்திரை இருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன். பூவை யார் பறிப்பது என்பார். பதினைந்து வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறவனுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. மொக்குப் புழுவுக்குப் புது மருந்து என்று யார் எதை விற்றாலும் தோட்டம் முழுக்க அடிக்க மாட்டார். ஒரு வரிசைக்கு ஒரு மருந்து, அடுத்த வரிசைக்கு இன்னொன்று. மூன்றாவது வரிசையின் முதல் செடியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவார். அந்த வரிசையில் ஒரு சொட்டு மருந்து படக்கூடாது. பத்து நாள் கழித்து மூன்றையும் பார்ப்பார். பல தடவை மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

"புழு தானாப் போயிருக்கு தம்பி. பேரு மட்டும் மருந்துக்காரனுக்கு" என்று சிரிப்பார்.

போன வாரம் மகன் ராஜ்கமலோடு கடைக்கு வந்தார். அவன் திண்டுக்கல்லில் ஜிம் பயிற்சியாளன். பையிலிருந்து கட்டைவிரல் உயரத்தில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வைத்தான். உள்ளே வெள்ளைத் தூள்.

"பெப்டைடு மாமா. இது நரம்பு வலிக்கு, இது எதிர்ப்பு சக்திக்கு. ஆன்லைன்ல வாங்குனேன். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க, அம்மாவுக்கு ஊசி போட்ருவோம்."

"செத்த நேரம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குப்பியில் இருந்த பெயர்களைப் போனில் தேடிப் படித்தேன். பெப்டைடு என்றால் புரதத்தின் சின்னத் துண்டு, அவ்வளவுதான். முதலாவதை வேறு நரம்பு நோய்க்காரர்கள் கொஞ்சம் பேரிடம் சோதித்திருக்கிறார்கள். இரண்டாவதைச் சில நாடுகளில் வேறு நோய்களுக்கு டாக்டர் சீட்டோடு தருகிறார்கள். அக்கி விட்டுப்போன வலிக்கு இது கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. குப்பியின் லேபிளிலோ, ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்தது. அதை இருவருக்கும் படித்துக் காட்டினேன்.

"அது சட்டத்துக்காகப் போடுறது மாமா. வாங்குனவங்க எல்லாரும் வலி கொறஞ்சுச்சுன்னு எழுதியிருக்காங்க" என்றான்.

அக்கா குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வரிசை இருக்கு, சரி. துணி கட்டின வரிசை எங்கடா? ஊசி போடாம சும்மா இருந்தவுகளுக்கும் வலி கொறஞ்சிருக்கும்ல, அத யாரு பாத்தா?"

படித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. வெட்கமாக இருந்தது.

ராஜ்கமல் ஒரு குப்பியை எடுத்து அக்காவிடம் நீட்டினான். "ஒன்னும் ஆகாதும்மா, நம்பு" என்றான்.

"ஒனக்கு எப்படிடா தெரியும்?"

அவன் தயங்கித் தயங்கிச் சட்டையைத் தூக்கினான். தொப்புளைச் சுற்றி ஊசி குத்திய சிவப்புப் புள்ளிகள். நடுவில் ஒன்று தடித்து வீங்கியிருந்தது.

"மூணு வாரமா ரெண்டையும் எனக்கே போட்டுப் பாத்தேன். நீ தெனமும் அழுறத எம்புட்டு நாளைக்குப் பாத்துக்கிட்டே இருக்கிறது? ஒனக்குப் போடுறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்ல."

எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அக்கா கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கி அந்த வீக்கத்தைத் தடவியது. மகனின் சட்டையை இழுத்துவிட்டுவிட்டு, குப்பிகளை என் பக்கமாகத் தள்ளினார்.

"இத நீங்களே வச்சுக்கங்க தம்பி. பெரியாஸ்பத்திரிக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?"

"பூவு?" என்று கேட்டான் ராஜ்கமல்.

"செடியிலயே மலந்து கெடக்கட்டும்" என்றார் அக்கா. "ஒரு சொட்டு மருந்து படாம நான் வச்சிருந்த வரிசை நீதானடா."