கழுவக் கழுவ விரிந்த புண்

எண்பதுகளின் தொடக்கத்தில், புனேயில் கேம்ப் பகுதியில் குடியிருந்தபோது, என் மனைவியின் இடக்கணுக்காலுக்கு மேல் ஒரு கொப்புளம் எழுந்தது. ஒரு வாரத்தில் உடைந்து புண்ணாயிற்று. மூன்று திங்களில் உள்ளங்கையளவு விரிந்தது. அதன் விளிம்பு கருநீலமாகத் தடித்திருந்தது.

நான் பள்ளியில் புவியியல் கற்பித்தவன். ஞாயிறுதோறும், நிலப்படம் எடுக்கும் மெழுகுத்தாளைப் புண்ணின்மேல் படாமல் பிடித்து, அதன் எல்லையைக் கரிக்கோலால் வரைந்து வைப்பேன். புதிய தாளைப் பழைய தாளின்மேல் வைத்துப் பார்ப்பேன். கோடு ஒருமுறையும் உள்வாங்கியதில்லை.

அஞ்சும்போதெல்லாம் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே. வேப்பிலை கொதித்த நீரால் இருவேளையும் புண்ணை அலம்பி, வெண்படலம் போகும்வரை துணியால் அழுத்தித் துடைப்பேன்.

"மெதுவாங்க. அது உங்க கிளாஸ் போர்டு இல்ல, என் காலு" என்பாள்.

அறுவை மருத்துவர் இருமுறை அழுகிய சதையைச் சுரண்டி எடுத்தார். திங்கட்கிழமை மூன்றாம் முறை என்றார். அதற்கும் அடங்காவிடில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட நேரும் என்றார்.

ஞாயிற்றுக்கு முன்பே, நண்பர் ஒருவர் சொன்ன மராட்டியத் தோல் மருத்துவரிடம் மெழுகுத்தாள்களுடன் சென்றோம். அம்மையார் தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தார். சுரண்டிய நாள்கள் எவை என்று கேட்டார். அந்நாள்களை அடுத்துத்தான் கோடு வெகுதூரம் தாவியிருந்தது. பின்னர் என் மனைவியின் கையைத் திருப்பினார். ஊசி குத்திய இடத்தில் சிறியதொரு கொப்புளம். நாங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

"வீட்டில் இதைத் தேய்ப்பது யார்?" என்று இந்தியில் வினவினார்.

நான் வாய் திறக்குமுன் அவள் தமிழில் சொன்னாள்: "நான்தான் தேய்க்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

"நான்தான்" என்றேன், இந்தியில்.

இது கிருமியால் வந்ததன்று என்றார். உடலின் காவலே தோலைத் தாக்கும் அரிய நோய், காயப்படுத்தும் இடத்திலெல்லாம் பரவும். கத்தி கூடாது, தேய்ப்பும் கூடாது. உப்புநீர் ஊற்றி ஈரத்துணி போர்த்தினால் போதும். அக்காவலை அடக்கும் பிரெட்னிசலோன் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்துப் பார்க்கலாம். தம் கணிப்பு பிழையானால், அம்மாத்திரையே நோயை முற்றச் செய்யும் என்பதையும் மறைக்கவில்லை.

அறுவையைத் தள்ளிவைத்தோம். என் கைகளால் விரிந்த புண்ணின் எதிரே அக்கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பது கழுவியதைவிடக் கொடிதாயிருந்தது. வெண்படலம் மீண்டும் படர்ந்தது. துடைக்கவில்லை.

முதல் ஞாயிறு கோடு நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டாம் ஞாயிறு, ஒரு நூலளவு உள்ளே விழுந்திருந்தது.

"என்னங்க, இன்னிக்கு ரெண்டாவது தாள் எடுக்கறீங்க?"

கரிக்கோல் மழுங்கியிருக்கிறது என்று சொல்லி, சீவிக்கொண்டு வந்து மறுபடியும் வரைந்தேன்.