கூறைப்பட்டில் ஒரு சட்டை

எழுபதுகளில் நாங்கள் சிட்னியில், மெரிலேண்ட்ஸில் குடியிருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் தனியாக இருந்தார். தையல்கார அக்கா என்றுதான் சொல்வோம். பெயரைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. மெலிந்த உடம்பு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிக் கார்டிகன், உதட்டிடையே எப்போதும் இரண்டு குண்டூசிகள். தேவாலயத்துப் பழைய துணிக்கடையில் மேசைவிரிப்பும் திரைச்சீலையும் பொறுக்கிவந்து பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பார். வெட்டுமுன் துணியைக் காதோரம் பிடித்து இழுத்துப் பார்ப்பார். நைந்த துணி மெல்ல முனகுமாம்.

என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கும் அவரிடமே சட்டை தைக்கச் சொல்லியிருந்தேன். அன்று காலை வாங்கப் போனபோது அவர் நீட்டியது சரிகைக் கரை வைத்த சிவப்புப் பட்டுச் சட்டை. மிச்சச் சேலை மேசையில் கிடந்தது.

"அக்கா, இது உங்கட கலியாணக் கூறையெல்லே! ஏன் வெட்டினனீங்கள்?"

"ஒருநாள் உடுத்தது. நல்ல உறுதியான துணி." குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தார். "இஞ்ச என்னை ஆர் கூப்பிடுகினம், உடுத்துக்கொண்டு போக? சேலையாவது நாலு வீட்டுக்குப் போய் வரட்டும்."

அன்று மாலை விருந்துக்கு ஏழெட்டு வீடுகளுக்குச் சொல்லியிருந்தேன். அவருக்குச் சொல்ல நினைவே வரவில்லை. அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். "வடிவாயிருக்கு அக்கா, போயிட்டு வாறன்" என்று சட்டையோடு கிளம்பிவிட்டேன்.

"அளவு பிழைச்சாக் கொண்டு வாங்கோ" என்றார் வாசலில் நின்று.

அளவு பிழைக்கவில்லை. அதனால் நான் திரும்பிப் போகவும் இல்லை.