தம்பி கேட்ட பழைய பாணிப் பாட்டு

எங்கள் தம்பி யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தார். நான் இரண்டாவது. எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து, எட்மண்டனில் பாண் என்னும் ரொட்டி சுடும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்ற நிலையில் வேலை செய்தார். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அங்கே கூட நின்ற ஐரிஷ்காரர் ஒருவரின் ரேடியோவில்தான் கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகளைக் கேட்கத் தொடங்கினார். உறவினர் பலருக்கு இது புதினமாக இருக்கலாம்.

அவரிடம் அந்தப் பாட்டுகளின் 104 கசெற்றுகள் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்ட் ஹாமில் என் வீட்டுக்கு வந்து விளக்குவார். முன்பு வயலினும் கிற்றாரும்தானாம். எண்பதுகளில் மெருகேற்றிப் பொப் பாட்டுப்போல ஆக்கினார்களாம். பிறகு சிலர் பழைய பாணிக்குத் திரும்பினார்கள். இப்போது தொப்பியும் ட்ரம்ஸும், மைதானம் நிறையச் சனமும்.

"எல்லாம் ஒரே சத்தம்தானடா" என்பேன்.

"அண்ணைக்குக் காது ரெண்டு இருக்கு. எண்ணிப் பாத்தனீங்களோ?" என்பார்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். "என்ர செத்தவீட்டில தேவாரம் படியுங்கோ அண்ணை. கடைசியா ஒரு பாட்டுப் போடுங்கோ. பழைய பாணி. ட்ரம்ஸ் வேண்டாம்" என்றார். போடுகிறேன் என்று சொன்னேன்.

அந்த ஒன்பது நாளில், ஒழுங்காக இருக்கட்டும் என்று அவருடைய கசெற்றுகளில் 1 முதல் 104 வரை எண் ஒட்டினேன். அவர் எழுதிவைத்திருந்த குறிப்புகளின் மேலேயே ஒட்டிவிட்டேன்.

தகனசாலையில் முப்பது நிமிடம் தந்தார்கள். தேவாரமும் திருப்பொற்சுண்ணமும் பாடி முடிய நாலு நிமிடம் மிஞ்சியது. பழையது முதலாவதாக இருக்கும் என்று 1ஆம் கசெற்றைக் கொண்டுபோயிருந்தேன். கசெற்றுப் பெட்டியில் மேலே கிடந்ததற்கே 1 போட்டேன் என்பதை மறந்துவிட்டேன். ட்ரம்ஸ் அடித்தது.

"பெரியப்பா, இது அப்பா பகிடி பண்ணுற பாட்டெல்லோ" என்றாள் தம்பியின் மகள், மெதுவாக.

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. பெட்டி உள்ளே போகும்வரை அடித்தது.

அதன் பிறகு, நாளுக்கு நாலு வீதம் இருபத்தாறு நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடித்தேன். களைத்துப்போனேன். இப்போது எனக்கும் வித்தியாசம் தெரிகிறது. 71ஆம் கசெற்றில் ஒரு பாட்டு, ஒரு வயலினும் ஒரு குரலும் மட்டும். அதுதான் என்று நினைக்கிறேன். சரியோ என்று கேட்கத் தம்பி இல்லை.

தேவாரம் படித்த மூவருக்கும், ஐந்து நாள் சமைத்துத் தந்த அயலவருக்கும், பெட்டி சுமந்த அந்த ஐரிஷ் நண்பருக்கும் எங்கள் நன்றி. இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு முன் 71இல் உள்ள அந்தப் பாட்டைப் போடுவோம். நாலு நிமிடம்தான். தயவுசெய்து இருந்து கேளுங்கள்.